தடுமாறப் பழக வேண்டும்

செகந்திராபாத்தில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் உடனே எல்லாம் நகரத் தொடங்கும். ஆம்புலன்ஸ் வரும். எக்ஸ்ரே எடுப்பார்கள். தட்டோ திருகோ செயற்கை மூட்டோ வைக்க நாள் குறிப்பார்கள். அமெரிக்காவிலிருந்து மகன் கிளம்பி வருவார். செலவுக்குக் காப்பீடு இருக்கும், இல்லாவிட்டால் அரசுத் திட்டம் இருக்கும். அதே மனிதர் அதற்கு ஆறு மாதம் முன்பே திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார், நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றினார், இருட்டில் கால் வைக்கத் தயங்கினார். அப்போது எதுவும் நகரவில்லை. "வயசாச்சு இல்லையா" என்று வீட்டார் சொன்னார்கள். பல நேரம் மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

அந்த ஆறு மாதத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கற்றுத்தரும் சமநிலைப் பயிற்சி. உலகெங்கும் நன்றாக ஆராயப்பட்ட, பெரிய கருவி எதுவும் தேவைப்படாத சிகிச்சை இது. அதன் பலம் எது, எங்கே அது தோற்கிறது, நம்மிடம் வந்து சேரும்போது எப்படி நீர்த்துப்போகிறது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி சரியானது. ஆனால் நாம் கொடுக்கும் வடிவத்தில் அதன் உயிரான பகுதியை, அதாவது கடினத்தை, எடுத்துவிட்டுக் கொடுக்கிறோம்.

யார் விழுகிறார்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு அடிபடும் விழுதல்கள் ஆண்டுக்கு 3.73 கோடி. 65 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். இந்தியாவில் 2022-இல் 60 வயதுக்கு மேற்பட்டோர் 14.9 கோடி. 2050-இல் இது 34.7 கோடியாகும் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை கணிக்கிறது.

செகந்திராபாத் இந்தக் கணக்கைக் கண்ணால் காணத் தக்க ஊர். 1806-இல் படைமுகாமாகப் பிறந்து, மதராஸ் படையோடும் பிறகு ரயில்வேயோடும் தமிழர்கள் வந்து தங்கிய இடம். தென் மத்திய ரயில்வே 1966-இல் இங்கே தலைமையகம் அமைத்தது. ராணுவம், ரயில்வே, வங்கி என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மாரெட்பள்ளி, பத்மாராவ் நகர், திருமலகிரி, சைனிக்புரிப் பகுதிகளில் நிறைய இருக்கிறார்கள். பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். மாடிப்படிக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி, சில வீடுகளில் அதுவும் கிடையாது. பாத்ரூம் தரையில் வழுக்கும் டைல்ஸ், வாசலில் உயர்ந்த படி, தெருவில் கடைகளும் பைக்குகளும் பிடித்துக்கொண்ட நடைபாதை. மோண்டா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும் முதியவர் ஒரு மணி நேரத்தில் சந்திக்கும் சமநிலைச் சோதனைகளை எந்தப் பயிற்சிக்கூடமும் அமைத்துத் தர முடியாது.

நிற்பது என்னும் வேலை

அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைக்கும்போதும் உடல் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கண்ணும், உள்காதும், பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள உணர்வு நரம்புகளும் இந்த ஆட்டத்தை அளந்து மூளைக்குச் சொல்கின்றன. மூளை தசைகளுக்குக் கட்டளை தருகிறது. ஆட்டம் சிறிதானால் கணுக்கால் சரிசெய்யும். பெரிதானால் இடுப்பு வளையும். அதையும் மீறினால் ஓர் அடி எடுத்து வைத்தாக வேண்டும். இந்தக் கடைசி அடி நேரத்துக்கு வந்தால் அது தடுமாற்றம், வராவிட்டால் விழுதல்.

வயது இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் தளர்த்துகிறது. கண்புரை வருகிறது. நீண்டகால சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வைக் குறைக்கிறது. தசையின் வலுவைவிட அதன் வேகம் முந்திக்கொண்டு குறைகிறது. கனமான பையைத் தூக்க முடிகிற ஒருவரால்கூட சறுக்கும் காலை நொடிக்குள் மீட்க முடியாமல் போவது இதனால்தான். கவனமும் பங்குபோய்விடுகிறது. ஸ்வீடனில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், நடந்துகொண்டிருக்கும் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

இதிலிருந்து ஒரு விதி தெளிவாகிறது. சமநிலை என்பது திறமை. திறமை அது தேவைப்படும் சூழலில்தான் வளரும். படுத்துக்கொண்டு காலைத் தூக்கினால் தொடைத் தசை வலுக்கலாம், சறுக்கும்போது கால் நேரத்துக்கு முன்னே வரக் கற்றுக்கொள்ளாது. அதற்கு நின்றாக வேண்டும், பிடிமானத்தைக் குறைத்தாக வேண்டும், கொஞ்சம் தடுமாறியாக வேண்டும்.

சான்றின் பலம்

இந்த விதிக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டம் முன்னோடி. 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை இரு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. முதல் இரண்டு மாதத்தில் பிசியோதெரபிஸ்ட் நான்கு முறை வீட்டுக்கு வந்து, அந்தந்தப் பெண்ணுக்கு ஏற்ற வலுவூட்டும் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் கற்றுத்தந்தார். பிறகு அவர்களே செய்தார்கள். ஓராண்டில் பயிற்சி பெறாத குழுவில் 152 முறை விழுந்தார்கள். பயிற்சி பெற்ற குழுவில் 88 முறை.

2019-இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 25 நாடுகளில் நடந்த 108 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 23,407 பேரையும் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைக்கிறது என்பது அதன் முடிவு. சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் மையமாகக் கொண்ட பயிற்சிகளால் 24 சதவீதம். அவற்றோடு வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்தால் 34 சதவீதம். தைச்சி போன்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சியும் பலன் தருகிறது. வெறும் நடைப்பயிற்சிக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசி வரியை நம்மவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சஞ்சீவையா பூங்காவிலோ தெருவிலோ காலையில் நடந்துவிட்டு வந்தால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நல்லது. விழாமல் காப்பதற்கு அது மட்டும் போதாது. கை எலும்பு முறிந்து தேறிய பெண்களை வேகமாக நடக்கச் சொன்ன ஓர் ஆங்கில ஆய்வில், 1997-இல், அந்தக் குழுவில்தான் அதிகம் பேர் விழுந்தார்கள். சமநிலை சரியாகாத உடல் வேகமாக நடக்கும்போது விழும் வாய்ப்புக்குத் தன்னை அதிகம் உட்படுத்திக்கொள்கிறது.

எவ்வளவு பயிற்சி என்பதும் தெளிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கேத்தரின் ஷெரிங்டன் குழு 2017-இல் 88 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. சமநிலைக்குச் சவால் விடும் பயிற்சியை வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தால் விழுதல் 39 சதவீதம் குறைகிறது. சவால், அளவு என்ற இந்த இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன். ஒன்றை எடுத்தாலும் மற்றது நொண்டும்.

ஒரு சமையலறையில் கண்டது

பத்மாராவ் நகரில் ஒரு வீட்டில் இந்தப் பயிற்சி நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எழுபத்தெட்டு வயது அம்மா. கற்றுத்தந்தவர் சித்தூர்ப் பக்கத்துப் பெண், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற இளம் பிசியோதெரபிஸ்ட். இடம் சமையலறை. மேடைதான் பிடிமானம். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்களுக்கு முன்னால் ஒட்டி வைத்து, ஒரே கோட்டில் நிற்கச் சொன்னார். முதலில் இரண்டு உள்ளங்கையும் மேடைமேல். பிறகு இரண்டு விரல். பிறகு ஒரே விரல். கணுக்காலில் நரம்புகளும் தசைநார்களும் புடைத்துப் புடைத்து அடங்கின.

"இப்போ தலையை மட்டும் திருப்பி அந்த காலண்டரைப் பாருங்கம்மா" என்றார். உடல் ஒரு பக்கம் ஆடி நின்றது. "இன்னிக்கு மார்க்கெட்ல என்னென்ன வாங்கணும், சொல்லுங்க" என்றார். அம்மா கத்திரிக்காய் சொன்னார், முருங்கைக்காய் சொன்னார், மூன்றாவதைத் தேடும்போது இடது கால் பிடியைவிட்டுச் சட்டென்று பக்கவாட்டில் வந்து ஊன்றியது. வாசலில் நின்ற மகள் "போதும், போதும், விழுந்துடப் போறாங்க" என்று பதறினார். பிசியோதெரபிஸ்டின் கை அம்மாவின் இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருந்தது. பிடிக்கவில்லை. "கால் தானா வந்துச்சு பாத்தீங்களாம்மா? இதுக்குத்தான் இவ்வளவும். இன்னொரு வாட்டி" என்றார்.

இந்தச் சிகிச்சையின் முழுக் கலையும் அந்த ஒரு சாண் இடைவெளியில் இருக்கிறது. கை இன்னும் நெருங்கியிருந்தால் அம்மாவின் கால் வேலை செய்திருக்காது. இன்னும் விலகியிருந்தால் ஆபத்து. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்கும் அந்த இடைவெளியை அளந்து மாற்றத் தெரிவதுதான் பிசியோதெரபிஸ்டின் படிப்புக்குரிய வேலை. அச்சிட்ட தாளோ கைப்பேசிக் காணொளியோ அதைச் செய்து தராது.

நீர்த்துப்போவது எப்படி

இப்படி நடப்பது அரிது. "பேலன்ஸ் பயிற்சி" என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது வேறு. கட்டிலில் படுக்க வைத்து முழங்காலுக்குக் கரண்ட் வைப்பது, சூடான ஒத்தடம், மெழுகு, பிறகு படுத்தபடியே காலை இருபது முறை தூக்கிறக்குவது. பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம். வலி குறைகிறது. அது நல்லதுதான், வலி குறைந்தால்தான் நிற்கவே முடியும். ஆனால் சிகிச்சை அங்கேயே நின்றுவிடுகிறது. எழுந்து நிற்க வைத்துத் தடுமாற விடும் கட்டம் வருவதே இல்லை. பத்தாவது நாள் எல்லோரும் திருப்தியோடு பிரிகிறார்கள். விழும் வாய்ப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட்மீது முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. ஒரு வீட்டில் தனியாக ஒரு முதியவரோடு நிற்கிறார். பயிற்சியில் விழுந்தால் வீடே அவர்மேல் பாயும். சவாலைக் குறைப்பதே அவருக்குப் பாதுகாப்பு. கரண்ட் வைக்கும் கருவிக்குத் தெரியும் மதிப்பு, பக்கத்தில் கைநீட்டி நிற்பவருக்குத் தெரிவதில்லை. "சும்மா நிக்க வைக்கிறதுக்கா காசு?" என்று கேட்கும் வீடுகள் உண்டு.

இதைவிட ஆழமான தடை நம் அன்பிலேயே இருக்கிறது. பெற்றோரை உட்கார வைத்துச் சோறு போடுவதுதான் பிள்ளைக்குரிய கடமை என்று எண்ணி நாம் வளர்ந்திருக்கிறோம். "நீங்க எழுந்திரிக்காதீங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்று தண்ணீர் டம்ளரிலிருந்து செய்தித்தாள்வரை கையில் கொண்டுவந்து கொடுக்கிறோம். ஒரு முறை விழுந்துவிட்டால் இந்த அன்பு காவலாகிவிடுகிறது. மாடிக்குப் போகக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, தனியாகக் குளிக்கக் கூடாது. விழுந்தவருக்குள்ளும் பயம் புகுந்துகொள்கிறது. பயத்தால் நடமாட்டம் குறைகிறது, குறைந்ததால் தசை தேய்கிறது, தேய்ந்ததால் மறுபடி விழுகிறார். அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டி 1990-இலேயே இந்தப் பயத்தை அளப்பதற்கென்று ஓர் அளவுகோலை உருவாக்கினார். அந்தப் பயத்தை நம் வீடுகளில் பல நேரம் பிள்ளைகளான நாமே ஊட்டி வளர்க்கிறோம்.

பயிற்சியின் எல்லைகள்

நன்றாகவே கொடுத்தாலும் இந்தப் பயிற்சிக்கு எல்லைகள் உண்டு. ஆதரிப்பவர்கள் அவற்றை மறைத்தால் நம்பிக்கைதான் கெடும்.

முதல் எல்லை எலும்பு முறிவு. விழுதல் குறைகிறது என்ற சான்று உறுதியானது. முறிவு குறைகிறது என்ற சான்று அவ்வளவு உறுதியானதில்லை. இங்கிலாந்தில் 70 வயதைக் கடந்த 9,803 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. தபாலில் அறிவுரை அனுப்பியதோடு நின்ற குழுவுக்கும், ஆபத்துள்ளவர்களைக் கண்டறிந்து பயிற்சி கொடுத்த குழுவுக்கும் எலும்பு முறிவில் வேறுபாடு இல்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் 5,451 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து, கண், பயிற்சி, வீடு என்று பலமுனையில் கவனித்தார்கள். அங்கும் கடுமையான காயங்கள் குறிப்பிடத் தக்க அளவில் குறையவில்லை.

இந்த முடிவுகளை வைத்துப் பயிற்சி வீண் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. இங்கிலாந்துச் சோதனையில் கேள்வித்தாளைத் திருப்பி அனுப்பியவர்களில் 37 சதவீதத்தினரையே ஆபத்துள்ளவர்கள் எனக் கண்டு சிகிச்சைக்கு அழைத்தார்கள். அழைப்புக்கும், வருகைக்கும், மாதக்கணக்கில் விடாமல் செய்வதற்கும் இடையே ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைகிறார்கள். சிறு ஆய்வில் ஊக்கமுள்ள குழு நேரில் வந்து சொல்லிக்கொடுக்கும்போது கிடைக்கும் பலன், ஒரு நாட்டின் வழக்கமான சுகாதார அமைப்பு வழியாகப் பாயும்போது மெலிந்துவிடுகிறது. நமக்குப் பாடம் இதுதான்: திட்டம் என்று அறிவிப்பதில் பலன் கிடையாது. வாரம் மூன்று மணி நேரம் உண்மையில் நடக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டாவது எல்லை, யாருக்கு என்பது. மேற்சொன்ன சான்றில் பெரும்பகுதி சொந்த வீட்டில் வாழும், ஓரளவு நடமாடும் முதியவர்களைப் பற்றியது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குச் சான்று தெளிவில்லை. ஆஸ்திரேலியாவில் 16 இல்லங்களில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வலுவூட்டும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்து விழுதலை 55 சதவீதம் குறைத்தன. மற்ற சில ஆய்வுகளில் பலனே இல்லை. மறதி நோய் முற்றியவருக்கும், பார்க்கின்சன் உள்ளவருக்கும், பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்கும் வேறு வகைத் திட்டமும் கூடுதல் காவலும் தேவை. எல்லோருக்கும் ஒரே தாள் பொருந்தாது.

மூன்றாவது எல்லை, பயிற்சியால் சரியாகாத காரணங்கள். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டுகிறவருக்கு எத்தனை நாள் ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கினாலும் பயனில்லை. மருந்துச் சீட்டைத்தான் முதலில் திருத்த வேண்டும். ஒட்டாகோ குழுவே 1999-இல், தூக்க மாத்திரையும் மனநோய் மருந்துகளும் சாப்பிடும் முதியவர்களுக்கு அவற்றைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தது. விழுதல் 66 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆய்வு முடிந்த ஒரு மாதத்துக்குள் நிறுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் முதல் கண்ணின் புரையை உடனே அகற்றியது மட்டுமே வயதான பெண்கள் விழுவதை 34 சதவீதம் குறைத்தது. செகந்திராபாத்தின் இரட்டை நகரான ஹைதராபாத் கண் மருத்துவத்தில் முன்னே நிற்கும் ஊர். 1987-இல் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் இங்குள்ள 41 முதியோர் இல்லங்களில் நடத்திய ஆய்வு, பார்வைக் குறைவோடு விழுதலையும் சேர்த்தே பார்த்தது. வழுக்கும் தரை, கைப்பிடியில்லாத கழிப்பறை, இருட்டுப் படிக்கட்டு ஆகியவற்றைச் சரிசெய்தால் விழுதல் 26 சதவீதமும், ஏற்கெனவே அதிக ஆபத்தில் உள்ளவர்களிடம் 38 சதவீதமும் குறைகிறது என்று 2023-இன் கோக்ரேன் தொகுப்பு சொல்கிறது. இதற்கு வேண்டியது ஒரு பிளம்பரும் ஒரு எலக்ட்ரீஷியனும்.

வைட்டமின் டி ஊசி போட்டால் விழ மாட்டார்கள் என்ற நம்பிக்கையையும் இங்கே களைய வேண்டும். குறைபாடு உள்ளவருக்கு அது தேவை. ஆனால் 70 வயதைக் கடந்த 2,256 ஆஸ்திரேலியப் பெண்களிடம் நடந்த சோதனையில், ஆண்டுக்கு ஒரே தவணையாக 5 லட்சம் அலகு கொடுக்கப்பட்டவர்கள் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள். அவர்களுக்கு எலும்பு முறிவும் 26 சதவீதம் கூடியது.

நம் உடலுக்கு ஏற்ற பாடம்

இன்னொரு குறை நாம் கடன்வாங்கும் பாடத்திலேயே இருக்கிறது. ஒட்டாகோ திட்டம் நியூசிலாந்து வீடுகளுக்காக எழுதப்பட்டது. நாற்காலியிலிருந்து எழுவது அதில் உண்டு. பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டுத் தரையிலிருந்து எழுவது அதில் இருக்காது. வெறுங்காலோடு ஈரத் தரையில் திரும்புவது, ஒரு கையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவது, ஆட்டோவின் உயரமான படியில் குனிந்து ஏறுவது, மெட்ரோ நிலையத்தின் நகரும் படியில் முதல் காலை வைப்பது இவையெல்லாம் செகந்திராபாத்தின் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டியவை. ஸ்கந்தகிரி முருகனைப் பார்க்கப் படியேற வேண்டும் என்ற ஆசையுள்ளவருக்கு அந்தப் படிகளே இலக்காகட்டும். எதற்காகப் பழகுகிறோம் என்று தெரிந்தால்தான் முதியவர் விடாமல் செய்வார்.

இதற்கு ஒரு நல்ல வழியும் காட்டப்பட்டிருக்கிறது. சிட்னியில் லிண்டி கிளெம்சன் குழு 2012-இல் சோதித்த முறையில் பயிற்சிக்கென்று தனி நேரம் கிடையாது. பல் துலக்கும்போது குதிகால்-விரல் ஒட்டி நிற்பது, பொருளெடுக்கக் குனிவதற்குப் பதில் முழங்கால் மடக்கி இறங்குவது என அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சி நுழைக்கப்பட்டது. விழுதல் 31 சதவீதம் குறைந்தது. உட்கார்ந்து எழுந்து, குனிந்து நிமிர்ந்து வாழ்ந்த நம் பழைய வீட்டு வாழ்க்கைக்கு இது பக்கத்தில் வருகிறது. சோபாவும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் முழங்காலுக்கு நிம்மதி தந்தன. தரையிலிருந்து எழும் வலுவை மெல்ல மெல்ல எடுத்தும்விட்டன. விழுந்தபின் எழத் தெரியாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடப்பவர்களுக்கு, அடிபட்டதைவிட அந்தக் கிடப்பே பெரிய கேடாகிவிடுகிறது. புரண்டு, முட்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து எழும் முறையை ஒவ்வொரு முதியவருக்கும் விழுவதற்கு முன்பே கற்றுத்தர வேண்டும்.

பணம் போகும் திசை

2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் எதுவானாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. நல்ல திட்டம். ஆனால் அது மருத்துவமனையில் படுத்தால்தான் கிடைக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் லட்சங்கள் வரும். அது முறியாமலிருக்க வேண்டிய வாராந்திர வகுப்புக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஒரு முறைக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து, வாரம் மூன்று நாள், மாதக்கணக்கில் தொடரக்கூடிய குடும்பங்கள் எத்தனை? மாரெட்பள்ளியில் இருக்கலாம். மல்காஜ்கிரியின் குறுகிய சந்துகளில் வீட்டுவேலை செய்து மூப்படைந்த பெண்களுக்கு இது எட்டாத பேச்சு. 2018-இல் தொடங்கிய பஸ்தி தவாகானாக்கள் என்னும் அரசின் சிறு மருத்துவ மையங்கள் அந்தப் பெண்களின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பதோடு, எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை நொடியாகிறது என்று பார்ப்பதற்கு ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும். 1991-இல் முறைப்படுத்தப்பட்ட சோதனை அது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டியவர் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வகுத்திருக்கிறது.

கண்டறிந்தபின் அனுப்ப ஓர் இடம் வேண்டும். இதில் தமிழ்நாட்டைப் பார்த்துக் கற்க ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பெரும்பாலும் ஏற்கெனவே முடங்கியவர்களுக்காகத்தான். ஆனால் சாலையும் வண்டியும் ஆளும் ஏற்கெனவே இருக்கின்றன. முடங்காதவரின் வீட்டிலும் அந்த வண்டி நிற்கத் தொடங்கினால், தடுப்பு என்பது பேச்சிலிருந்து செயலுக்கு வந்துவிடும். 2010-11 முதல் நடக்கும் தேசிய முதியோர் நலத் திட்டமும் மாவட்ட மருத்துவமனைகளில் பிசியோதெரபியைச் சேர்த்திருக்கிறது. ஆனால் மருத்துவமனை வரை வரக்கூடியவர் வாரம் மூன்று முறை வர மாட்டார். பயிற்சி நடக்க வேண்டிய இடம் சமுதாயக் கூடமும், கோயில் மண்டபமும், அடுக்கு வீட்டுப் பொது அறையும். பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவருக்கான செலவும் குறையும். சேர்ந்து செய்வதால் விட்டுவிடுவதும் குறையும்.

எடைபோட்டால் எனக்குக் கிடைக்கும் தீர்ப்பு இது. விழுதலைத் தடுக்க நம்மிடம் உள்ள வழிகளில் சமநிலைப் பயிற்சிக்கே மிக உறுதியான சான்று இருக்கிறது. அது கண்ணையும் மருந்தையும் பாத்ரூமையும் சரிசெய்வதற்கு மாற்றாகாது, அவற்றோடு சேர்ந்தே நிற்க வேண்டும். எலும்பு முறிவைத் தடுக்கும் என்று வாக்குத் தரக் கூடாது. விழுவது குறையும், பயம் குறையும், தானாக நடமாடும் ஆண்டுகள் கூடும் என்று சொல்லலாம். ஆனால் கடினத்தை எடுத்துவிட்ட பயிற்சி, காசையும் மாதங்களையும் தின்றுவிட்டு முதியவரை இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

ஆகவே அம்மா அப்பாவுக்குப் பிசியோதெரபி ஏற்பாடு செய்யும் பிள்ளைகளே, மூன்று கேள்வி கேளுங்கள். நிற்க வைத்துப் பழக்குகிறீர்களா? போன மாதத்தைவிட இந்த மாதம் கடினமாக்கியிருக்கிறீர்களா? பத்து நாளுக்குப் பிறகு தொடர என்ன வழி? மூன்றுக்கும் பதில் தெளிவாக வந்தால் அவரை நம்புங்கள், நம்பியபின் குறுக்கே வராதீர்கள். பெற்றோர் லேசாகத் தடுமாறும்போது ஓடிப்போய்த் தாங்கத் துடிக்கும் நம் கையை அடக்கிக்கொள்வதும் இந்தச் சிகிச்சையில் நமக்குரிய பங்கு.